புல்வெட்டி இன்ஜினில் வால்வ் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புது பிளக், புது பெட்ரோல் போட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை, கயிறு பாதியில் இறுகிக் கையைப் பிடுங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வால்வ் இடைவெளி, அதாவது வால்வ் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோலுக்கும் நடுவே உள்ள சந்து, கூடியிருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது வால்வுகளைத் திறக்கவைக்கும் சுழல் தண்டான கேம் ஷாஃப்ட் ஒரு வால்வைத் துளி திறந்து, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை (கம்ப்ரஷனை) குறைக்கும். இடைவெளி அதிகமானால் அந்தத் துளியும் திறக்காது, முழு அழுத்தமும் உங்கள் தோளுக்கு வரும்.

ஆறிய இன்ஜினில் பிளக்கைக் கழற்றி, வால்வ் கவரைத் திறந்து, கயிற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். இரண்டு ராக்கர் ஆர்மும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கி எழ வேண்டும். ஒன்று அசையாவிட்டால் அதைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு நழுவியோ வளைந்தோ இருக்கும். உருவிக் கண்ணாடி மேல் உருட்டினால் தள்ளாட்டத்திலேயே வளைவு தெரிந்துவிடும். புது ராடு மட்டும் போட்டு மூடிவிடாதீர்கள், நான் அப்படிச் செய்து இரண்டே வாரத்தில் அதுவும் வளைந்தது, ஏனென்றால் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வ் கரி ஏறி, அது ஏறி இறங்கும் குழலான கைடில் இறுகியிருந்தது.

சரி, இரண்டும் அசைகின்றனவா? பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்கு (இரண்டு வால்வும் மூடியிருக்க பிஸ்டன் மேலே வரும் நிலைக்கு) கொண்டுவந்து, கால் அங்குலம் தாண்டவிட்டு, ராக்கர் ஆர்முக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். பல சிறு இன்ஜின்களில் இன்டேக் (உள்ளிழுக்கும் வால்வ்) 0.10, எக்ஸாஸ்ட் 0.15 மி.மீ. சுற்றி இருக்கும், உங்கள் மாடலின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கேஜ் லேசாக உரசிக்கொண்டு நகர்ந்தால் போதும்.