முதல் முழுத்தூர ட்ரையத்லானை முடித்தபோது என்ன கற்றுக்கொண்டீர்கள்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் தொடர்ந்து செய்யும் ட்ரையத்லானில் அரைத்தூரப் போட்டியை முடித்துவிட்டு முழுத்தூரத்துக்குப் பதிவு செய்யலாமா என்று யோசிக்கும் ஒருவர், ஏற்கெனவே முடித்தவர்கள் அதிலிருந்து எதைக் கற்றார்கள் என்றும், தாம் தயாராகிவிட்டோமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறார். நான் கற்றதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுதிக் கட்டமான மாரத்தான் ஓட்டத்தின் கடைசி மணி நேரங்கள் எப்படி அமையும் என்பது, உடல் மிகத் தெம்பாக இருப்பதாகத் தோன்றும் நேரத்தில், குறிப்பாகச் சைக்கிளின் முதல் அறுபது எழுபது கிலோமீட்டரில், பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180 கிலோமீட்டர், ஓட்டம் 42.2 கிலோமீட்டர் என்ற இந்தத் தூரங்களை யாரும் உடலியல் கணக்குப் போட்டு வகுக்கவில்லை. ஹவாயின் ஓஅஹு தீவில் அப்போது தனித்தனியாக நடந்துவந்த ஒரு கடல் நீச்சல் போட்டி, தீவைச் சுற்றிவரும் ஒரு சைக்கிள் போட்டி, ஹொனலூலு மாரத்தான் ஆகிய மூன்றையும் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதியர் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். மாரத்தான் தொடங்கும் இடத்தில் முடியும்படி சைக்கிள் பாதையைச் சற்றுக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1978 பிப்ரவரியில் நடந்த அந்த முதல் போட்டியில் 15 பேர் கலந்துகொண்டு 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி எடுத்துக்கொண்டார். இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனித உடல் சேமித்து வைத்திருக்கும் எரிபொருளுக்கும் இந்தத் தூரங்களுக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை என்பதைப் பயிற்சி செய்பவர்கள் பலர் கடைசிவரை கவனிப்பதில்லை.

தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கக்கூடிய மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம், அதாவது சுமார் 2,000 கிலோகலோரி. முழுத்தூரப் போட்டி ஒன்று, உடல் எடையையும் வேகத்தையும் பொறுத்து, 8,000 கிலோகலோரியையும் தாண்டிச் செலவழிக்க வைக்கும். இடையில் சாப்பிட்டு ஈடுகட்டலாம் என்றால் அதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. குளுக்கோஸ் மட்டும் என்றால் சிறுகுடல் மணிக்கு ஏறத்தாழ 60 கிராம்தான் உறிஞ்சும். வேறு வழியாக உள்ளே செல்லும் ஃப்ரக்டோஸையும் சேர்த்துக்கொண்டால் 90 கிராம் வரை போகலாம். அந்த 90 கிராமும் 360 கிலோகலோரிதான். சைக்கிளில் மணிக்கு 500, 600 கிலோகலோரி கரையும்போது மீதியைக் கொழுப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். வேகம் மிதமாக இருக்கும்வரை உடல் கொழுப்பைத் தாராளமாக எரிக்கும். முயற்சி கூடக் கூட மாவுச்சத்தை நோக்கித் திரும்பிவிடும். போதாததற்கு, கடும் முயற்சியின்போது ரத்தம் தசைகளுக்குத் திரும்பிவிடுவதால், குடலுக்கு ரத்தம் குறைந்து, விழுங்கிய ஜெல் (போட்டியின்போது சாப்பிடும் மாவுச்சத்துக் கூழ்) வயிற்றிலேயே தங்கிக் குமட்டலை உண்டாக்குகிறது. ஆகவே வேகத்தைக் கூட்டுகிறவர் தம் சேமிப்பை விரைவாகக் கரைப்பதோடு, புதிதாக வரவேண்டியதையும் தாமே தடுத்துவிடுகிறார்.

நீச்சலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொடங்குவதற்கு முன்பு பெரும்பாலானவர்கள் அஞ்சுவது அதைத்தான் என்றாலும், மொத்த நேரத்தில் அது பத்தில் ஒரு பங்கு அளவுதான். வெட்சூட் (உடலோடு ஒட்டிய, மிதக்க உதவும் ரப்பர் நீச்சல் உடை) அனுமதிக்கப்பட்டால் அது கால்களை நீர்மட்டத்துக்கு உயர்த்திவிடும். சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையைச் சற்று உயர்த்தி மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ளும் பழக்கம் இருந்தால், பல போட்டிகளில் வைக்கப்படும் 2 மணி 20 நிமிடக் காலக்கெடுவைப் பற்றி நிதானமாக நீந்துபவர்கூடக் கவலைப்படத் தேவையில்லை. நான் கால்களை அநேகமாக உதைக்காமலே நீந்தினேன். அவற்றுக்கு அன்று வேறு வேலை நிறைய இருந்தது.

சைக்கிளில் ஏறியதும் ஒரு விசித்திரமான சோதனை தொடங்குகிறது. பல வாரங்கள் பயிற்சியைக் குறைத்து ஓய்வெடுத்த கால்கள், போட்டி நாளின் பரபரப்பு, நீரைவிட்டு வெளியே வந்த நிம்மதி ஆகிய எல்லாமும் சேர்ந்து, திட்டமிட்ட வேகம் அபத்தமாக மெதுவானது என்று நம்பவைக்கின்றன. பலர் முந்திக்கொண்டு போவார்கள். காற்றின் தடையைக் குறைத்துக்கொள்ள அவர்களுக்குப் பின்னால் ஒட்டிச் செல்லவும் முடியாது. இத்தகைய போட்டிகளில் முன்னால் செல்பவரிடமிருந்து 12 மீட்டர் அளவுக்கு இடைவெளி விடவேண்டும் என்பது பரவலான விதி. நான் பவர் மீட்டரில் (மிதிக்கும் ஆற்றலை வாட் கணக்கில் காட்டும் கருவி) ஓர் உச்ச எண்ணை முடிவுசெய்துகொண்டு, ஏற்றங்களிலும் அதைத் தாண்டாமல் ஓட்டினேன். அது சலிப்பான வேலை. சில இடங்களில் வெட்கமாகவும் இருந்தது.

அந்தக் கட்டுப்பாடு ஏன் லாபம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. சமதளத்தில் காற்றின் தடையை வெல்லத் தேவையான ஆற்றல், வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்கிறது. மணிக்கு 27 கிலோமீட்டரில் செல்பவர் 30 கிலோமீட்டரில் செல்ல விரும்பினால், வேகம் பதினொரு சதவீதம் கூடுவதற்காக, காற்றுக்கெதிரான ஆற்றலை ஏறக்குறைய 37 சதவீதம் கூட்ட வேண்டும். 180 கிலோமீட்டரில் அதனால் மிச்சமாவது 40 நிமிடம். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தில் ஓடக்கூடியவர், கால்கள் செத்துப்போய் மாரத்தானின் பாதியைக் கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடத்தில் நடந்து கடந்தாலோ, அவர் இழப்பது 70 நிமிடத்துக்கும் மேல். விலையுயர்ந்த சக்கரங்களால் எத்தனை நிமிடம் குறையும் என்று மணிக்கணக்காகப் பேசும் நண்பர்கள் இந்த வகுத்தல் பெருக்கலை ஒருமுறைகூடச் செய்து பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சாப்பாட்டின் பெரும்பகுதியைச் சைக்கிளிலேயே முடிக்க வேண்டும். வயிறு குலுங்காமல் இருப்பது அங்கேதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் நினைவூட்டும்படி வைத்துக்கொண்டு, பசிக்கிறதா இல்லையா என்று கேட்காமல் சாப்பிட்டேன். மணிக்கு 80 கிராம் மாவுச்சத்தை ஏற்றுக்கொள்ளக் குடலையும் பழக்க முடியும், ஆனால் அதற்குப் பல வாரங்கள் வேண்டும். எந்த ஜெல், எந்தப் பானம், எவ்வளவு நீரோடு என்பதையெல்லாம் நீண்ட பயிற்சி நாட்களில் முடிவுசெய்துவிட்டு, போட்டியன்று புதிதாக எதையும் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

தண்ணீர் விஷயம் இதற்கு நேர்மாறானது; அதைக் கடமையாக எண்ணிக் குடிக்கக் கூடாது. தாகத்துக்கு மேல் தொடர்ந்து குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாக முடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அவர்கள் வியர்ப்பது குறைவு, குடிப்பதற்குக் கிடைக்கும் நேரமோ அதிகம். உப்பு மாத்திரை விழுங்கிவிட்டால் எவ்வளவும் குடிக்கலாம் என்ற நம்பிக்கை தவறானது.

ஓட்டத்தின் தொடக்கம் மறுபடியும் ஏமாற்றும். மணிக்கணக்கில் சைக்கிளின் வேகத்துக்குப் பழகிய கண்களுக்கு எந்த ஓட்ட வேகமும் மெதுவாகவே தெரியும். முதல் சில கிலோமீட்டரைக் கடிகாரத்தின் சொல்படி, உள்ளுணர்வை நம்பாமல் ஓடினேன். ஒவ்வொரு நீர் வழங்கும் மேடையிலும் ஒரு நிமிடம் நடப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். களைப்பு வந்தபின் நடக்கத் தொடங்கியவர்கள் மறுபடி ஓடுவதற்குப் பட்ட பாட்டைப் பார்த்தபோது அந்த முடிவின் அருமை தெரிந்தது. முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு தொடைகளில் வலி மிகக் கடுமையாக இருந்தது, ஆனால் தலை தெளிவாக இருந்தது. வயிறு எதையும் திருப்பித் தள்ளவில்லை. பதினேழு மணி நேரக் கெடு வெகுதூரத்தில் இருக்கும்போதே முடிக்க முடிந்ததற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இவ்வளவுதான்.

மன உறுதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். 1982இல் ஹவாயில் பெண்கள் பிரிவில் முன்னணியில் இருந்த ஜூலி மாஸ், எல்லைக்கோட்டுக்கு அருகே மீண்டும் மீண்டும் விழுந்து, கடைசியில் தவழ்ந்தே கோட்டைத் தொட்டு இரண்டாமிடம் பெற்ற காட்சிதான் இந்தப் போட்டியை உலகறியச் செய்தது. அந்த உறுதியை நான் வணங்குகிறேன். ஆயினும் முதன்முறை இறங்குபவர் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. உறுதி தேவைப்படாத அளவுக்கு நாளை நடத்திச் செல்வதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

இனி, எப்போது பதிவு செய்யலாம் என்பதற்கு வருகிறேன். வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைச் சில மாதங்களுக்கு ஒதுக்க வீட்டில் உள்ளவர்களின் மனமார்ந்த சம்மதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் பெரும்பகுதி, பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவுக்கு மெதுவான பயிற்சியாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள், போட்டிக்குத் திட்டமிட்ட அதே முயற்சி அளவில், அதே உணவோடு ஐந்து மணி நேரம் தனியாகச் சைக்கிள் ஓட்டிவிட்டு, உடனே இறங்கி அரை மணி நேரம் ஓடுங்கள். ஐந்தாவது மணியில் உங்கள் வாட் எண்ணும் இதயத்துடிப்பும் இரண்டாவது மணியில் இருந்தவற்றுக்கு அருகிலேயே இருந்து, ஓடும்போது வயிறும் அமைதியாக இருந்தால், தயங்காமல் பதிவு செய்யுங்கள். இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போனாலோ கடைசி இரண்டு ஜெல்கள் உள்ளே போக மறுத்தாலோ, முயற்சியைச் சற்றுக் குறைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.