கொழிஞ்சாம்பாறை லஞ்ச வழக்கு: விடுதலைக்கு எதிராக மேல்முறையீடு நிற்குமா?

வணக்கங்க. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் போக்குவரவு (நில வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம்) செய்ய வில்லேஜ் ஆபீஸ் ஊழியர் உங்களிடம் லஞ்சம் கேட்டார், விஜிலென்ஸ் (லஞ்ச ஒழிப்புத் துறை) பொறிக்காக ரசாயனப் பவுடர் தடவிய நோட்டோடு பிடிபட்டார், கூட வந்த சாட்சி பிறழ்ந்ததால், அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னதால், விஜிலென்ஸ் கோர்ட் அவரை விடுதலை செய்துவிட்டது என்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தப் பவுடர் பட்ட கையைக் கழுவிய கரைசல் சிவந்தது மட்டும் போதாது. அவர் பணம் கேட்டார், கேட்டு வாங்கினார், இரண்டையும் நிரூபிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஊழல் தடுப்புச் சட்டம் 20-ஆம் பிரிவின் அனுமானம் வரும், அதாவது அவர் மறுத்து நிரூபிக்காதவரை அது லஞ்சம்தான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். சாட்சி பிறழ்ந்தாலே வழக்கு செத்துவிடாது. புகார்தாரரே பிறழ்ந்தாலும் இறந்தாலும்கூட மற்ற சாட்சிகள், சூழ்நிலைச் சான்றுகள் மூலம் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. நீங்களோ கூண்டில் உறுதியாக நின்றிருக்கிறீர்கள். அது பெரிய பலம்.

சிக்கல் வேறிடத்தில். எர்ணாகுளம் ஹைகோர்ட் சாட்சியம் முழுவதையும் மறுபடி அலசலாம், சரி. ஆனால் இரண்டு முடிவுக்கும் இடமிருந்தால் விடுதலையில் கை வைக்காது. அதனால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, பணம் கேட்டது பற்றிய உங்கள் சாட்சியத்தை நீதிபதி ஏன் நம்பவில்லை என்று பாருங்கள். காரணமே சொல்லாமல் ஒதுக்கியிருந்தால் அதுதான் பிடி. முதல் புகாருக்கும் கோர்ட்டில் சொன்னதற்கும் முரண் காட்டியிருந்தால் கஷ்டம்.

மேல்முறையீடு செய்ய வேண்டியது அரசு, அதுவும் ஹைகோர்ட் அனுமதியோடு. கெடு தீர்ப்பிலிருந்து 90 நாள். விஜிலென்ஸ் அலுவலகத்துக்கும் அரசு வழக்கறிஞருக்கும் இந்த வாரமே மனு கொடுங்கள்.