சுவீடனின் தேசிய உருவப்படத் தொகுப்பு ஏன் ஒரு கோட்டைக்குள் இருக்கிறது?

அந்தத் தொகுப்பு அருங்காட்சியகமாகத் தொடங்கியதே இல்லை, அரச குடும்பத்தின் வீட்டுப் படங்களாகத் தொடங்கியது. அதுதான் காரணம்.

மேலாரன் ஏரிக்கரையில் மரியஃப்ரெட் என்ற சிற்றூரில் இருக்கிறது கிரிப்ஸ்ஹோம் கோட்டை. 1537-இல் மன்னர் குஸ்தாவ் வாசா கட்டத் தொடங்கினார். உருவப்படங்கள் சேர்க்கும் பழக்கமும் அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1822-இல் அது முறையாகத் தேசியத் தொகுப்பாக ஆனது. லண்டனின் புகழ்பெற்ற தேசிய உருவப்படக் கூடம் தொடங்கியதே 1856-இல்தான். உலகிலேயே பழமையான தேசிய உருவப்படத் தொகுப்பு இது என்று சொல்வது அதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. படத்தில் இருப்பவர்களில் சிலர் இதே சுவர்களுக்குள் சிறையிருந்தவர்கள்! மன்னர் பதினான்காம் எரிக் தன் தம்பி யோஹானை மனைவியோடு இங்கே அடைத்து வைத்தார். பிற்காலத்தில் போலந்தை ஆண்ட சிகிஸ்முண்ட் அந்தச் சிறைவாசத்தில் பிறந்த பிள்ளை. யோஹான் அரியணை ஏறிய பிறகு எரிக்கையே இங்கே அடைத்தார். 1809-இல் நான்காம் குஸ்தாவ் அடால்ஃப் முடி துறந்து கையெழுத்திட்டதும் இங்கேதான். வெள்ளைச் சுவர் கொண்ட கூடத்தில் மாட்டிய படத்துக்கு இந்தக் கனம் வராது.

இன்று தொகுப்பை சுவீடனின் தேசிய அருங்காட்சியகம் பார்த்துக்கொள்கிறது. நம் காலத்து மனிதர்களின் படங்களும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. போனால், அங்கே பாடம் செய்து வைத்திருக்கும் சிங்கத்தையும் பார்த்துவிடுங்கள்: அல்ஜியர்ஸிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் மன்னருக்குப் பரிசாக வந்தது. கண்கள் இரண்டும் நெருங்கி, நாக்கு வெளியே தொங்க, மனித முகம்போல இருக்கும்.