ஓரமாகப் போனால் போதாதா?

வாசகர் கேள்வி - பதில்

கே: திங்கள்சந்தை பக்கம் பஸ் ஓட்டுகிறேன். சைக்கிள்காரர்கள் ஓரத்தில் இடமிருந்தும் ரோட்டுக்குள் ஏறித்தான் வருகிறார்கள். ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். ஓரமாகப் போக வேண்டியது அவர்கள்தானே?
- ஓர் ஓட்டுநர், இரணியல்

ப: இடது ஓரம் என்றால் தாரின் விளிம்பு என்று அர்த்தமில்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டம் இது. ஊர்ச்சாலைகளில் ஓரத்து மண் அரித்து, தார் நாலு விரல் உயரத்துக்குத் தூக்கி நிற்கும். சக்கரம் கீழே இறங்கி, மறுபடி சாய்வாக ஏறப் பார்த்தால் டயர் அந்த விளிம்பில் உரசி மாட்டிக்கொள்ளும். ஹேண்டில் பிடிக்கு வராது, ஆள் வலப்பக்கம் சாய்வார். அங்கே உங்கள் பின்சக்கரம் வந்துகொண்டிருக்கும். விவரம் தெரிந்தவர் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி மிதிப்பது இதனால்தான். (சக்கரம் இறங்கிவிட்டால் ஓட்டியபடியே ஏற்றக் கூடாது; நின்று, தூக்கி வைத்துத்தான் கிளம்ப வேண்டும்.)

இனி கணக்கு. இருவழிச் சாலை 7 மீட்டர் என்றால் உங்கள் பாதி 3.5. சைக்கிள் 60 செ.மீ. தள்ளிப் போகிறது, ஹேண்டிலில் பாதி 30. ஆக 90 செ.மீ. போயிற்று. பெரிய பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். கூட்டினால் 3.5. நடுவில் மிச்சம் பூஜ்யம்! ஒரு மீட்டராவது இடைவெளி விட வேண்டுமென்றால் பஸ் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர் போயாக வேண்டும். எதிரே வண்டி வந்தால் பின்னால் வருவதைத் தவிர வழியில்லை. அவர் ஓரத்தை ஒட்டியே போனாலும் உங்களுக்குக் கூடுவது ஒன்றரை அடிதான். அந்த ஒன்றரை அடியை நம்பி நுழைகிறபோதுதான் இடிக்கிறது. 100 மீட்டர் தூரம் 15 கி.மீ. வேகத்தில் பின்தொடர்ந்தால், 40-ல் போவதைவிட உங்களுக்கு நஷ்டம் 15 விநாடி.

சைக்கிளை முந்தும்போது விட வேண்டிய இடைவெளி ஜெர்மனியில் ஊருக்குள் 1.5, வெளியே 2 மீட்டர் என்று சட்டமே அளவு சொல்கிறது. இங்கே அந்தக் கணக்கை ஓட்டுநர்தான் போட வேண்டும். ஹாரனை 40, 50 மீட்டர் பின்னாலேயே ஒருமுறை சுருக்கமாகத் தட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் அலறினால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பும் பக்கம் ஹேண்டிலும் திரும்பும். பல ஸ்வர ஹாரனுக்கு மோட்டார் வாகன விதியிலேயே இடமில்லை.

சைக்கிள்காரர்களும் சும்மா இல்லை. பேசிக்கொண்டே ஜோடியாகப் போவது, எதிர்த்திசையில் வருவது, ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸுக்கு இடப்புறம் நுழைவது... கடைசியது மகா ஆபத்து. ஆள் இறங்கும் இடம் அது; மிரரிலும் தெரியாது. பஸ் இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டி வரும்.

கே: விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்கு சைக்கிள் சவுட்டிப் போகிறேன். டைனமோ இருந்தும் பின்னால் வருகிறவன் பக்கத்தில் வந்துதான் பார்க்கிறான்.
- ஒரு தொழிலாளி, குலசேகரம்

ப: டைனமோ முன்னால்தான் எரிகிறது. அதுவும் ஏற்றத்தில் மங்கும், நின்றால் அணையும். 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒன்றரை விநாடியிலேயே 25 மீட்டர் கடந்துவிடும். நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். டிம் லைட்டில் இருட்டுச் சட்டைக்காரர் 60 மீட்டருக்கு முன்னால் தெரிய மாட்டார்.

பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் மாட்டுங்கள். கேரியரில் கட்டுகிற வாளியோ ஷீட்டோ மறைக்காதபடி பின் மட்காடில், தாழ்வாக. பெடல் இரண்டிலும் ரிஃப்ளெக்டர் இருக்கட்டும். மேலும் கீழும் ஆடுவதால் தூரத்திலேயே 'சைக்கிள்' என்று காட்டிக்கொடுக்கும். சேறு படிந்தால் பயனில்லை, தினமும் துடைக்க வேண்டும். நெற்றி விளக்கைக் கீழே சாய்த்து வையுங்கள். நிமிர்ந்திருந்தால் எதிரே வருகிறவருக்குக் கண் கூசி உங்களையே தெரியாது.

கே: ஆடிக் காற்றில் பிளஸ் ஒன் படிக்கும் மகளை சைக்கிளில் அனுப்பலாமா?
- ஒரு தாய், ஆரல்வாய்மொழி

ப: காற்று வலப்புறமிருந்து அடிக்கும்போது அவள் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டுவாள். பெரிய வண்டி முந்தும்போது அது காற்றை மறைத்துவிடும். சாய்ந்தவள் வண்டிப் பக்கமே இழுபடுவாள். வண்டி தாண்டியதும் காற்று இடப்பக்கம் தள்ளும். லாரி சத்தம் கேட்டால் மிதிப்பதை நிறுத்தி, முழங்கையைத் தளர்த்தி, வேகம் குறைக்கச் சொல்லுங்கள். புத்தகப்பை ஹேண்டிலில் தொங்கக் கூடாது, கேரியரில் கட்டட்டும். துப்பட்டாவைச் செருகிக்கொள்ளட்டும். காற்று ஹேண்டிலையே திருப்புகிற நாளில் பஸ்தான்.