போன் யார் கையில்?

கேள்வி: 2022-ல் வடசென்னையில் ஒரு வார்டுக்கு கவுன்சிலரானேன். எங்கள் மெயின் ரோட்டு நடைபாதையில் காய்கறி, மீன், இட்லிக் கடைகள். கடைக்காரர்களிடம் ‘உங்களை யாரும் தொடமாட்டார்கள்’ என்றேன். அபார்ட்மென்ட்காரர்களிடம் ‘பொங்கலுக்குள் காலியாகிவிடும்’ என்றேன். இப்போது இரு தரப்பும் திட்டுகிறார்கள். போனை என் கணவர்தான் பார்த்துக்கொள்கிறார், அவரும் நயமாகத்தான் பேசுகிறார். யாரையும் பகைக்காமல் இதை எப்படி முடிப்பது?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: யாரையும் பகைக்காமல் முடிக்க வழி கிடையாது. அதை விடுங்கள். போகிற போக்கில் போனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே சகோதரி, கோளாறே அங்கேதான். ‘பார்த்துக்கலாம்ணே’, ‘செஞ்சிடலாம்மா’ என்று அவர் சொல்வதெல்லாம் உங்கள் வாக்காகத் தெருவுக்குப் போகிறது. யார் யாருக்கு என்ன சொல்லியிருக்கிறார் என்றாவது உங்களுக்குத் தெரியுமா? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தியது வீட்டுக்காரர்கள் வலம் வருவதற்கா? குடும்பத்தில் விட்டுக்கொடுப்பது நல்ல குணம், மறுக்கவில்லை. வார்டு என்ன உங்கள் மாமனார் சொத்தா, அவரிடம் ஒப்படைக்க? கணவர் முகம் சுளிப்பாரே என்று போனைக் கேட்காதவர், மீன்காரம்மாவிடம் ‘இங்கே முடியாது’ என்று எப்படிச் சொல்வீர்கள்?

நீங்கள் கொடுத்த இரண்டு வாக்குமே உங்கள் கையில் இல்லாதவை. 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, எங்கே கடை போடலாம் என்பதில் நகர விற்பனைக் குழுவின் பங்கு முக்கியம். அதன் தலைவர் மாநகராட்சி ஆணையர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்ற முடியாது. அதன்பிறகும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். பொங்கல் கெடு எங்கிருந்து வந்தது? அனுமதி இல்லாத இடமென்றால் ‘தொடமாட்டார்கள்’ என்பதும் பொய்தான்.

இன்று ராத்திரியே போனை வாங்கிக்கொள்ளுங்கள். நாளை மண்டல அலுவலகத்தில் அந்தச் சாலை விற்பனைக்கு அனுமதித்த பகுதியா, கணக்கெடுப்பில் யார் யார் பெயர் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு உதவிப் பொறியாளரோடு டேப் எடுத்துப் போய் அளந்து பாருங்கள். தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி வேண்டும். சுவரிலிருந்து ரோட்டு விளிம்புவரை அளந்துவிட்டு ‘இருக்கிறதே’ என்பார்கள், ஏமாறாதீர்கள். மரம், மின்பெட்டி, கடைக்கு முன்னால் வாங்குகிறவர் நிற்கிற இடம் எல்லாம் போக மிச்சம்தான் கணக்கு. அபார்ட்மென்ட்காரர்கள் நடைபாதையில் நீட்டிக் கட்டிய சாய்தளத்தையும், ஏற்றி நிறுத்திய பைக்குகளையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மனு கொடுப்பவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள்.

அளவு கையில் வந்ததும் உங்கள் முடிவை ஆணையருக்குக் கடிதமாக எழுதி, ஒரே நகலை இரு தரப்புக்கும் கொடுங்கள். ஆளுக்கொரு கடிதம் வேண்டாம். எந்தத் தரப்புக்கு நஷ்டமோ அவர்களிடம் முதலில் போய் நேரில் சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குத்தான் ஓட்டு வாங்கினீர்கள். கூட வருகிறேன் என்று கணவர் கிளம்பினால் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அவர் வந்தால் மீன்காரம்மா உங்களிடம் பேசமாட்டார், அவரிடம்தான் பேசுவார்.