மால் வந்தா ஏரியாவுக்கு என்ன லாபம்?

கேள்வி: ஷாப்பிங் மால் வந்தா நிறைய பேருக்கு வேலை கிடைக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: கிடைக்கும், ஆனா சொல்ற நம்பரை அப்படியே நம்பிடாதீங்க. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பில்லிங் கவுண்டர், பார்க்கிங்னு ஆள் எடுப்பாங்க, முதல்முதலா சம்பளம் வாங்கப் போற பசங்களுக்கு இது நல்ல வாய்ப்பு தான். ஆனா மால் திறந்த அன்னைக்கு ஜனங்க பாக்கெட்ல இருக்குற காசு ரெட்டிப்பாயிடாதுல்ல? நேத்து வரைக்கும் தெருக்கடையில செலவான காசு இன்னைக்கு மாலுக்குள்ள போகுது, அந்தக் கடையில வேலை பாத்தவரை நிறுத்தினா அதை யாரும் கழிச்சு காட்ட மாட்டாங்க. வெளியூர்க்காரங்க வந்து வாங்கினாலோ, இத்தனை நாள் வெளியூர் போய் வாங்கினவங்க இங்கயே வாங்க ஆரம்பிச்சாலோ தான் அது ஏரியாவுக்கு புது வருமானம்.

கேள்வி: பெரிய கடைக்கு வாடகை கம்மி, சின்ன கடைக்கு ஜாஸ்தியாமே? அநியாயமா இல்லையா?

பதில்: சதுர அடி கணக்குல பாத்தா பொதுவா அப்படித்தான். பெரிய கடையை ஆங்கர்னு சொல்வாங்க, கூட்டத்தை இழுத்துட்டு வர்றது அது தான், அந்தக் கூட்டம் போற வழியில எட்டிப் பாக்குறதுல தான் சின்ன கடைக்கு வியாபாரம், அதனால தான் அந்த வித்தியாசம். நிறைய மால்ல வாடகையோட விற்பனையில ஒரு பங்கும் கேப்பாங்க. எனக்கு இது அநியாயமா தெரியல, ஆபத்தா தெரியுது. ஏன்னா ஆங்கர் காலி பண்ணிட்டா கூட்டம் குறையும், சில ஒப்பந்தங்கள்ல அப்படி ஆனா மத்த கடைங்க வாடகையை குறைச்சுக்கலாம் இல்ல வெளியேறலாம்னு ஷரத்தே இருக்கும், அப்புறம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஷட்டர் இறங்கும். அதுக்குள்ள வெளியில இருந்த பழைய கடைங்களும் போயிருக்கும், அப்ப ஏரியாவுக்கு ரெண்டு பக்கமும் நஷ்டம்.

கேள்வி: ஒண்ணுமே வாங்காம சுத்துறவங்களால யாருக்கு என்ன பிரயோஜனம்?

பதில்: அவங்களுக்கே பிரயோஜனம், அது போதாதா! லிஃப்ட், ராம்ப், சுத்தமான டாய்லெட், வெயில் மழை படாத நடைபாதை, இதெல்லாம் ஒரே இடத்துல இருக்குறது வயசானவங்களுக்கும் வீல்சேர்ல வர்றவங்களுக்கும் சின்ன விஷயமில்ல. சில மால்ல கடை திறக்குறதுக்கு முன்னாடியே பெரியவங்களை வாக்கிங் போக விடுறாங்க.

முழுசா மூடின, ஏசி போட்ட மாலுக்கு முன்னோடின்னா 1956ல அமெரிக்காவுல மினசோட்டாவுல திறந்த சவுத்டேல் தான். அதை டிசைன் பண்ண விக்டர் க்ரூயன் வியன்னாக்காரர், 1938ல நாஜிகள்கிட்டேர்ந்து தப்பிச்சு வந்தவர். அவர் போட்ட பிளான்ல மாலைச் சுத்தி வீடு, ஸ்கூல், பார்க், ஏரி எல்லாம் உண்டு. முதலாளிங்க மாலையும் பார்க்கிங்கையும் மட்டும் புடிச்சுக்கிட்டாங்க, கடைசி காலத்துல அவரே இந்த மாதிரி மால்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிட்டார்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, பொது இடம் மாதிரி தெரிஞ்சாலும் மால் தனியார் சொத்து. பார்க்குல உக்காந்தா உங்களை யாரும் எழுப்ப மாட்டாங்க, இங்க செக்யூரிட்டி வந்து கிளம்பச் சொல்லலாம். கலிஃபோர்னியாவுல ஒரு ஷாப்பிங் சென்டர்ல ஸ்கூல் பசங்க மனுவுக்கு கையெழுத்து வாங்கினதை தடுத்ததுக்கு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1980ல பசங்க பக்கம் தீர்ப்பாச்சு. அதுவும் அந்த மாநில சட்டத்துல இடம் இருந்ததால தான்.