புதருக்குள் கத்துவது பூனையா? கேட்பேர்ட் பற்றிய கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வேலியோரப் புதரில் பூனைக்குட்டி கத்துகிறது. தேடினால் காணோம்.
அது கிரே கேட்பேர்ட் என்ற பறவை. உடல் சாம்பல் நிறம், தலையில் கறுப்புத் தொப்பி, வாலுக்கடியில் செங்கல் நிறத் திட்டு. புதரைவிட்டு அதிகம் வெளியே வராது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அதுவே எட்டிப் பார்க்கும்.

மாக்கிங்பேர்ட் என்ற பறவையும் கேட்பேர்டைப் போலவே பிற பறவைகளின் குரலில் பாடுகிறதே, எப்படிப் பிரிப்பது?
எண்ணுங்கள். மாக்கிங்பேர்ட் ஒரே துணுக்கை மூன்று நான்கு தடவை பாடும். பிரவுன் த்ராஷர் என்ற இன்னொரு பறவை இரண்டு தடவை. கேட்பேர்ட் ஒருமுறை பாடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

கூட்டில் நீலப்பச்சை முட்டைகளோடு புள்ளி போட்ட முட்டை ஒன்று. எடுத்துவிடலாமா?
கை வைக்காதீர்கள். அது கவ்பேர்ட் என்ற பறவையின் முட்டை. கவ்பேர்ட் கூடு கட்டாது, அடுத்தவர் கூட்டில் முட்டையிடும். எல்லோ வார்ப்ளர் என்ற சிறு மஞ்சள் பறவை பல சமயம் அந்த முட்டையின்மேல் புதுத் தளம் போட்டு மூடிவிடும். ஏமாந்து வளர்க்கிற பறவைகளும் நிறைய. கேட்பேர்டோ பெரும்பாலும் கண்டுபிடித்து வெளியே தள்ளிவிடும். தன் முட்டையில் புள்ளி கிடையாது என்பது அதற்குத் தெரியும். எனக்கு இந்தப் பறவைமேல் இத்தனை பிரியம் வந்ததே இதனால்தான். தவிர, பறவை முட்டைகளை எடுக்கத் தடை விதிக்கும் அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டுப் புலம்பெயர் பறவைச் சட்டம் கவ்பேர்டுக்கும் பொருந்தும்.

ஜூனில் புதரை வெட்டலாமா?
வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் வரை கூட்டுக் காலம். பலமுறை இரண்டு ஈடு குஞ்சு பொரிக்கும்.

எங்கள் புதர் மல்டிஃப்ளோரா ரோஜா. அயல் களை, உடனே பிடுங்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
களை என்பது சரிதான், பிடுங்கவும் வேண்டும். ஆனால் அந்த முள்ளுக்குள்தான் இப்போது கூடு இருக்கும். இலையுதிர் காலம் வரை பொறுங்கள், பிறகு பகுதி பகுதியாக எடுங்கள். எடுத்த இடத்தில் எல்டர்பெரி, டாக்வுட், வைபர்னம் போன்ற உள்ளூர்ப் புதர்ச்செடிகளை நடுங்கள்.

அதற்குள் களை பரவாதா? பறவையே பழத்தைத் தின்று விதையைப் பரப்புகிறதே!
நியாயமான வாதம். அப்படியானால் கூடு இல்லாத ஓரத்தில் காய்களை மட்டும் கிள்ளுங்கள். ஒரே நாளில் மொட்டையடித்தால் களையோடு மறைவிடமும் போய்விடும். பூச்சி பிடிக்கவும் குஞ்சை ஒளிக்கவும் கேட்பேர்டுக்கு வேறு இடமில்லை.

விதை வைத்தால் வருமா?
விதையில் நாட்டம் குறைவு. பாதி ஆரஞ்சுப் பழம் வையுங்கள்.

எங்கள் புதரிலும் பூனை கத்துகிறது...
முதல் பதிலைப் பாருங்கள். நிஜப் பூனை வளர்க்கிறீர்கள் என்றால் வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

குளிர்காலத்தில் எங்கே?
பெரும்பாலானவை ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடாக் கரை, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். இரவில் பறந்து போகும். போன பிறகு வெட்டுங்கள்.